அரைவரி வீட்டுக் குளிர்ப்பெட்டி

கீழத்திட்டுக் காலனியில் சுடலைவடிவு வீட்டுக் குளிர்ப்பெட்டி, ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், உள்ளேயிருந்து உறிஞ்சின சூட்டைப் பின்பக்கத்து விசிறி வழியாக வெளியே தள்ளுவதை நிறுத்திவிட்டு, கடைசியாக அதன் மூடியை யார் மூடினார்களோ அவர்கள் உடம்புக்குள் அனுப்ப ஆரம்பித்தது. இன்றைக்கும் நீங்கள் அங்கே போய்க் கேட்கலாம். "ஆமா, அனுப்புச்சு, அதுக்கு என்ன இப்போ?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெட்டி அப்படிச் செய்ததில் அவர்களுக்கு ஒரு வியப்பும் கிடையாது. யார் வீட்டு முறைக்கு யார் வந்து மூடாமல் டிமிக்கி கொடுத்தார்கள் என்று மட்டும் வாயைக் கிளறிவிடுங்கள், சோறு தண்ணி இல்லாமல் பேசுவார்கள்.

பெட்டி என்றதும் பெரிய சாமானாக நினைத்துவிட வேண்டாம். ஒரு குடம் பிடிக்கிற அளவு, நீல நிறம், தூக்கிக்கொண்டு போக ஒரு கைப்பிடி, லாரியில் பீடி பற்றவைக்கிற துளையில் செருக ஒரு வயர், அவ்வளவுதான். வடிவின் புருஷன் வெயிலுமுத்து வடநாட்டு லாரி ஓட்டினவன். போகிற வழியில் குடிதண்ணீர் ஜில்லென்று இருக்கட்டும் என்று எங்கோ ரோட்டோரத்தில் ஆசைப்பட்டு வாங்கினான். லாரி கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் போர்வையும் செருப்பும் சாமி படமும் கிடந்த சாக்கோடு சாக்காக இந்தப் பெட்டியும் வண்டியின் பழைய பாட்டரியும் வீட்டுக்கு வந்தன. வடிவு அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மூலையில் தள்ளி, மேலே அரிசிப் பானையை வைத்துவிட்டாள்.

அவளுக்கு இருந்தது ஒரே மகள், பொன்ரதி. ஆறு வயதில் ரதிக்குச் சர்க்கரை நோய் வந்தது. "இந்த வயசுலயா, சீனி மிட்டாய் தின்னே வந்திருக்கும்" என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், சொல்வதற்கு என்ன, வாய் இருக்கிறது. காலையும் சாயங்காலமும் ஊசி போட வேண்டும். ஊசி மருந்து வெயில் பட்டால் கெட்டுப்போகும், உறைந்தாலும் கெட்டுப்போகும். கீழத்திட்டோ உப்பளங்களுக்கு நடுவே புறம்போக்கு மேட்டில் பதினெட்டு வீடு. கரண்டுக் கம்பம் வருகிறது வருகிறது என்று மூன்று தேர்தலாக வந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்கு ஒரு விளக்கெரிய ஒரு சூரியத் தகடு மட்டும் உண்டு. அதனால் மூன்று வருஷத்துக்கு மேலாக வடிவு மருந்தை மெயின்ரோட்டுச் சோடாக்கடை ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். கடைக்காரர் தங்கமான மனுஷர். பிள்ளை மருந்தாச்சே, நல்லா குளிரட்டும் என்று ஒருநாள் பாசத்தோடு ஐஸ்கட்டிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டார். உறைந்து திரும்ப உருகின மருந்து பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருந்தது. நாலாம் நாள் ரதி வாயில் அழுகின பழ வாடை வர, மூச்சு வாங்கி, கண் செருகிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பிழைத்து வந்த அன்றைக்குத்தான் வடிவு அரிசிப் பானையை இறக்கிவிட்டு அந்தப் பெட்டியை நடு வீட்டுக்கு இழுத்தாள்.

வடிவுக்கு ஈயப்பற்று வைக்கத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் தூத்துக்குடியில் ஸ்டெபிலைசர் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். பெட்டியின் முதுகைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பிஸ்கட் அகலத்தில் ஒரு வெள்ளைத் தகடு. கரண்டு பாய்ந்தால் அதன் ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். குளிர்கிற முகம் பெட்டிக்குள்ளே, சுடுகிற முகம் வெளியே, அங்கே ஒரு அலுமினியக் கட்டி, அதன்மேல் ஒரு சின்ன விசிறி. இதில் ஒரு பொல்லாத கணக்கு உண்டு, அதை அவள் ரெண்டே நாளில் கண்டுகொண்டாள்: உள்ளே எவ்வளவு குளிர்கிறதோ அதைவிட ஒரு பங்கு கூடவேதான் வெளியே சுடும். அந்த ஒரு பங்கை எவராலும் குறைக்க முடியாது.

பெட்டி வாங்கினபடியே கிடந்தால் வெளி வெயிலைவிடக் கொஞ்சம் குளிரும், மருந்துக்கு அது காணாது. எனவே மீன் ஏலக் கூடத்தில் உடைந்து கிடந்த தெர்மாகோல் பெட்டிகளைப் பொறுக்கி வந்து மூன்று அடுக்கு ஒட்டினாள். பழைய கம்ப்யூட்டரிலிருந்து பெரிய அலுமினியக் கட்டி ஒன்றைக் காயலான் கடையில் தேடி எடுத்து மாட்டினாள். மூடி இடுக்கில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி ஒட்டினாள். பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை உள்ளே பதித்தாள். விளக்குத் தகட்டோடு இன்னொரு தகடு சேர்த்து லாரி பாட்டரியில் முடிந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிகிரி, அரை டிகிரி இறங்கியது. காலையில் ரதியை முழங்கால் இடுக்கில் உட்காரவைத்து ரெட்டைச் சடை பின்னும்போதுகூட அவள் கண் பெட்டிக்குள் வயர் விட்டு வெளியே தொங்கவிட்ட தெர்மாமீட்டரில்தான் இருக்கும். ரதி லேசில் வாய் திறக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நடந்தது, கனவில் வந்தது, யார் யாரோடு பழம் விட்டார்கள் என்பதெல்லாம் தலை பின்னுகிற நேரத்தில்தான் வெளியே வரும். ரிப்பனை முடிந்ததும் வாயும் மூடிக்கொள்ளும். அதனாலேயே வடிவு வேண்டுமென்றே மெதுவாகப் பின்னுவாள்.

ஐப்பசிச் செவ்வாயன்று தெர்மாமீட்டர் ஐந்தில் நின்றது. வடிவு சந்தோஷத்தில் ரெண்டு தரம் திறந்து திறந்து மூடினாள். பிறகு பின்பக்கம் கை வைத்துப் பார்த்தால் அலுமினியக் கட்டி ஜில்லென்று கிடந்தது, விசிறிக் காற்றில் ஒரு வெதுவெதுப்பும் இல்லை. சூடு எங்கே போச்சு என்று யோசித்தபடி ஈரப் பாவாடையைப் பிழிய எடுத்தாள், அது அவள் கையிலேயே ஆவி பறக்கக் காய்ந்தது. அடுப்படியில் குனிந்தபோது வேர்வை விழுந்த இடத்தில் சுரீரென்றது. "சரி, இங்கயா வந்துட்ட" என்று தன் உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே எரிந்தது, ஆனால் தோல் வேகவில்லை. மறுநாள் காலையில் ரதிக்குத் தலை பின்னவில்லை, மயிர் பொசுங்கிவிடும் என்று பயந்தாள்.

அன்றைக்கே பக்கத்து வீட்டு மாரிக்கனி, வடிவின் சேக்காளி, தயிர் உறைக்கு வந்தவள், "இதுதான் அந்தப் பொட்டியா" என்று திறந்து பார்த்து மூடினாள். மூடினதும் வடிவின் உடம்பு சட்டென்று தணிந்தது, மாரிக்கனி, "ஏ ஆத்தா!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மழையில் நின்றாள், மழை அவள்மேல் பட்டுப் புகையாய்ப் போனது. ஓடினவள் பாதித் தெருவில் நின்றுவிட்டாள். பத்து வருஷமாக அவளைப் படுத்தின முழங்கால் வலி இல்லை. திரும்பி வந்து, "வடிவு, இன்னிக்குப் பூரா இது என்கிட்டயே இருக்கட்டும்ட்டி" என்று கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் அவள் உள்ளங்கையில் முட்டை ஊற்றி ஆம்லெட் போட்டுக் காட்டினதைப் பார்க்காத ஆள் கீழத்திட்டில் இல்லை.

அது மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை, துணி காயாது, விறகு பிடிக்காது, கிழங்களுக்கு மூட்டு மூட்டாய் வலி. சூடு என்றால் யாருக்கு வேண்டாம்? ஊரே வடிவு வீட்டு வாசலில் குடை பிடித்து நின்றது. நான் மூடுகிறேன் நீ மூடுகிறாய் என்று கார்த்திகை பிறப்பதற்குள் ரெண்டு கைகலப்பு. கடைசியில் அம்மன் கோயில் பொறுப்பைப் பார்க்கிற சங்கிலிபூதத்தான் சபையைக் கூட்டினார். சத்தம் போடாத, நியாயமான மனுஷர், அதுதான் அவரிடம் உள்ள கஷ்டமே.

"அம்மன் கொடைத் திருவிழாவுக்கு எப்படித் தலைக்கட்டு வரி போடுதோம், அப்படியே போட்டுக்கிடுவோம்" என்றார். "வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரன் காலையில வந்து மூடணும், மறுநாள் காலை வரைக்கும் சூடு அவனுக்கு. சூட்டைச் சுமக்கவனுக்குப் பொட்டியில ஒரு சாமான் வச்சுக்கிட பாத்தியதை உண்டு."

கோயில் வரியில் ஆம்பளை இருக்கிற வீடு முழுவரி, தாலி அறுத்தவள் வீடு அரைவரி. அப்படிப் பார்த்தால் பதினேழு முழுவரி, வடிவு ஒருத்தி அரைவரி. "அரைவரிக்கு முழுநாள் சுமத்துனா அம்மன் பொறுக்கமாட்டா" என்று பூதத்தான் அவளுக்கு அரைநாள் மட்டும் போட்டார். கூட்டம் ஆமா ஆமா என்றது. வடிவு சுவர் ஓரமாக நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அரைவரிக்காரர்கள் சபையில் நிற்கலாம், பேசக்கூடாது. பதினெட்டு நாளைக்கு ஒருமுறை அரைநாள் சுட்டால் என்ன கெட்டுப்போச்சு, மீதி நாளெல்லாம் மகளுக்குத் தலை பின்னலாம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது.

அந்த ரெண்டரை மாசமும் கீழத்திட்டு அந்தச் சூட்டோடு குடும்பம் நடத்தியது. முறைக்காரர் வீட்டில் அப்பளம் காயும், கருவாடு காயும், பிள்ளைகள் ஈரச் சட்டையோடு முறைக்காரர் மடியில் ஏறி உட்காரும். கல்யாணம் பேச வந்தவர்கள், "உங்க வீட்டுக்கு முறை என்னைக்கு வருது?" என்று கேட்டுக்கொண்டார்கள். பூசாரி தன் முறைக்குச் சந்தனம் வைத்தார், ஒருவர் விளமீன் வைத்தார், ஒருத்தி பிச்சிப்பூ வைத்தாள். ரதியின் மருந்து பூவுக்கும் மீனுக்கும் நடுவில் ஐந்து டிகிரியில் பத்திரமாக இருந்தது.

ஒரே ஒரு தப்பு நடந்தது. மார்கழியில் ஒரு காலை, முறைக்காரர் வரத் தாமதமாக, திறந்து கிடந்த மூடியை ரதி போகிற போக்கில் தட்டி மூடிவிட்டாள். அரைமணியில் கண் சொருகியது, வாயில் அந்தப் பழ வாடை. உள்ளே போட்டிருந்த மருந்து அவள் ரத்தத்துக்குள்ளேயே வெந்து கெட்டுப்போயிருந்தது. வடிவு பாய்ந்து திறந்து மூடிச் சூட்டைத் தன்மேல் வாங்கி, மாரிக்கனி வேறு ஊசி போட்ட பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு சீரானது. அன்றிலிருந்து ரதி அந்த மூடியைத் தொடக்கூடாது என்று வடிவு அம்மன் மேல் சத்தியம் வாங்கினாள்.

தை முடிந்தது. மாசியில் அளத்தில் பாத்தி கட்ட ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. முதலில் ஒருவர் வந்து, "மருமக முழுகாம இருக்கா, சூடு ஆகாதாம்" என்றார். நியாயம்தானே. அடுத்து ஒருவருக்கு மூலக்கடுப்பு. ஒருவர் மாலை போட்டிருந்தார். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் முறையன்று விடியுமுன்னே மச்சினன் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஒவ்வொரு வீடாகச் சபையில் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொல்ல, பூதத்தானும் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, "முழுவரிக்காரன் வாய்விட்டுக் கேக்கான், எப்படி மறுக்க" என்று விடுவித்தார். விட்ட நாளெல்லாம் யார் தலையில் விழும்? பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அங்கேதான். பங்குனி பாதியில் மாரிக்கனியும் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"வடிவு, வெயில்ல அளத்துல நின்னு, உள்ளேயும் எரிஞ்சா, என்னால ஆகலட்டி. நேத்து மயங்கி விழுந்துட்டேன். என்னைப் பாவின்னு நெனைச்சுக்க."

"நீங்க எதுக்குப் பாவி, மதினி. போய்ப் படுங்க" என்றாள் வடிவு. அவளுக்கு நிஜமாகவே மாரிக்கனிமேல் கோபம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவள் உடம்பு தணியவில்லை.

முறையை விட்டவர்கள் சாமானை விடவில்லை, அதைத்தான் சொல்ல வேண்டும். விளமீனும் தயிரும் பூவும் பெட்டியில் இருந்தபடியே இருந்தன. மூடினால் சூடு ஏறிவிடும் அல்லவா, அதனால் திறப்பார்கள், வேண்டியதை எடுப்பார்கள், மூடியை ஆவென்று விட்டுவிட்டு வெளியே வந்து அளத்துப் பக்கம் பார்த்து, "ஏ வடிவு, மூட வா!" என்று குரல் கொடுப்பார்கள். வடிவு உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவள் வந்து மூடுவதற்குள் உள்ளே இருந்த குளிரெல்லாம் தெருவுக்குப் போயிருக்கும். திரும்பக் குளிர வைக்கப் பெட்டி முக்கும், அந்தச் சூடு அத்தனையும் அவளுக்குள் இறங்கும். ஒரு நாளைக்கு நாற்பது தரம் நடந்தது இது.

இதில் அவளை அறுத்தது என்னவென்றால், வழி இருந்தது. தை அமாவாசையன்று யாரும் மீன் எடுக்கவில்லை, பெட்டி காலையில் ஒருதரம் மாலையில் ஒருதரம்தான் திறந்தது. அன்றைக்கு முறைக்காரர் லேசாகக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினார். மருந்து மட்டும் இருந்து, ரெண்டு தரம் மட்டும் திறந்தால் சூடு அவ்வளவுதான். அது தாங்குகிற சூடு, பிள்ளையைத் தொடுகிற சூடு. அதை யாரிடமாவது சொல்லி, உங்கள் மீனைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்ல அவள் வாய் வரை வரும். ரெண்டரை மாசம் என் பிள்ளைக்காக எரிந்தவர்கள் ஆயிற்றே என்று விழுங்கிவிடுவாள். அதோடு இன்னொரு நப்பாசையும் இருந்தது. மீனை வெளியே போட்டால் மனசு விட்டுப்போகும். இருந்தால், யாராவது ஒருவர், ஒரு நாள், ஒரு வேளையாவது திரும்ப மூடுவார்கள்.

அதனால் அவள் பெட்டியையே இன்னும் திருத்தினாள். கையால் தொட்டால் தெர்மாகோல் உருகியது, எனவே இடுக்கியால் பிடித்து ஒட்டினாள். மூடிக்கு மேல் இன்னொரு மூடி போட்டாள். ரெண்டையும் திறந்து போட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். மூடி தானாகவே விழட்டும் என்று ஸ்பிரிங் வைத்தாள். அது விழுந்தபோது சூடு ஸ்பிரிங் வைத்தவளுக்கே வந்தது. மூடியில் கயிறு கட்டி மறுமுனையை ஆட்டுக்காலில் முடிந்தாள். ஆடு இழுத்து மூடியது, சூடு கயிறு முடிந்தவளுக்கு வந்தது, ஆடு மீனைத் தின்றுவிட்டுப் போனது. அந்த மீனுக்கும் அவள்தான் பதில் சொன்னாள்.

ஊசி நேரத்துக்கு அவர்கள் ரெண்டுபேருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வடிவு மூடியைத் திறந்துவிட்டு எட்டடி தள்ளி நிற்பாள். ரதி வந்து மருந்தை எடுத்து, தானே ஊசியில் ஏற்றி, தொடையில் குத்திக்கொண்டு, மருந்தை உள்ளே வைத்துவிட்டு எட்டடி தள்ளிப் போவாள். வடிவு வந்து மூடுவாள். பத்து வயதுப் பிள்ளை தன்னைத் தானே குத்திக்கொள்வதைப் பார்க்கிறபோது வடிவுக்கு அழுகை வரும், கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்து உப்பாக நிற்கும். வடிவு வாசலுக்கு வெளியே மணலில் படுத்தாள். ரதி தலையை வாரி ஒரு ரப்பரில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். மாரிக்கனி பின்னிவிடக் கூப்பிட்டதற்கு, "எங்கம்மை பின்னுவா" என்று மட்டும் சொன்னாள். வேறு எதுவும் அவள் யாரிடமும் பேசவில்லை. பங்குனியிலிருந்து அவளுக்குப் பள்ளியில் என்ன நடந்தது, கனவில் என்ன வந்தது என்று வடிவுக்கு ஒன்றும் தெரியாது.

வைகாசிக் கடைசிச் செவ்வாய் அம்மன் கொடை. வடிவு கோயிலுக்குப் போகவில்லை, ஓலைப் பந்தல் பற்றிக்கொள்ளும் என்று பூதத்தான் பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் அளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றாள். அவள் நிற்கிற பாத்தியில் உப்பு ரெண்டு நாளில் விளைகிறது என்று அளத்து மேஸ்திரிக்குச் சந்தோஷம், அவளை அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு மாற்றி மாற்றி நிறுத்துவான். அங்கிருந்து மேளச் சத்தம் கேட்டது.

கோயிலில் நடந்ததை மாரிக்கனி பிறகு சொன்னாள். மத்தியானப் படைப்பு முடிந்து பந்தி நடக்கிறது. காலனிப் பிள்ளைகள் எல்லாம் ரெட்டைச் சடையும் கனகாம்பரமுமாக ஓடுகிறார்கள். ரதி விரிந்த தலையோடு வந்து, ஆம்பளைகள் பந்திக்கு நேரே நின்று பேசினாளாம். அந்தப் பிள்ளைக்குக் குரல் உண்டு என்பதே சிலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பெரியப்பா, யாராச்சும் ஒருத்தர் வந்து பொட்டிய மூடுங்க. ஒரு நாள் வேண்டாம். ஒரு நாழி போதும். எங்கம்மை எனக்குத் தல பின்னிவிடட்டும், பின்னி முடிச்சதும் அவளே வாங்கிக்கிடுவா."

அரைவரி வீட்டுப் பெட்டைப் பிள்ளை சபையில் பேசிவிட்டதே என்று யாரும் அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை. பதினேழு வீட்டு ஆம்பளைகளும் இலையைப் பார்த்தார்கள். ஒருவர் பாயசத்தை வழித்தார். ஒருவர் இலையை மடித்துவிட்டு, மடித்த இலையை மறுபடி விரித்தார். பூதத்தான் அவள் தலையைத் தடவி, "கொடை முடியட்டும் தாயி, சபையில வச்சுப் பேசுவோம்" என்றார். மாரிக்கனி பெண்கள் வரிசையில் இருந்தாள். எழுந்திருக்கத்தான் நினைத்தாளாம், முழங்கால் எழவில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் வடிவின் முகத்தைப் பார்க்கவில்லை. ரதி பெரியப்பாவின் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு வெளியே போனாள்.

அளத்தில் வடிவுக்குத் திடீரென்று குளிர்ந்தது. காலிலிருந்து ஏறியது குளிர். கடல் காற்று தோலில் பட்டது, அது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. பாதத்து வெட்டுக்களில் உப்புத் தண்ணீர் முதல்தரமாகக் கரித்தது, அந்த எரிச்சல்கூடச் சுகமாக இருந்தது. யாரோ மூடிவிட்டார்கள். "அம்மா, தாயே, யாரு பெத்த பிள்ளையோ" என்று வாய்விட்டுச் சொன்னாள். மாரிக்கனி மதினியா, பூதத்தான் அண்ணாச்சியா, அந்தச் சந்தனப் பூசாரியா, யாராக இருந்தாலும் அவர்கள் குலம் தழைக்கட்டும் என்று ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி வாழ்த்திக்கொண்டு, பலகையை எறிந்துவிட்டு, கண்ணீர் கன்னத்தில் ஈரமாக ஓட, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தலை பின்ன வேண்டும், ரெட்டைச் சடை, ரொம்ப மெதுவாகப் பின்ன வேண்டும். வேறு நினைப்பே அவளுக்கு இல்லை.

ரதி வாசலுக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்ப் புட்டியும் சிவப்பு ரிப்பனும் எதிரே எட்டத் தள்ளி இருந்தன. கையில் பிடித்திருந்த பிளாஸ்டிக் சீப்பு உருகி வளைந்து கிடந்தது.

"ஏட்டி! சத்தியம் பண்ணுனியேட்டி!" வடிவு பெட்டியின் மேல் பாய்ந்தாள்.

"ஒரு சடை, அம்மை" என்றாள் ரதி. "காலையில போட்ட ஊசி ஒரு சடை வரைக்கும் நிக்கும். எண்ணிப் பாத்துட்டேன். உடனே தெறக்காதம்மா."

வடிவு மூடியில் வைத்த கையோடு நின்றாள். தெர்மாமீட்டர் சரியாக ஐந்து காட்டியது. மார்கழியில் அரைமணி ஆனது என்பதை அவளும் எண்ணினாள். அடுத்து அவள் செய்ததை இன்றுவரை அவளாலேயே மன்னிக்க முடியவில்லை, ஆனாலும் செய்தாள். திரும்பி வந்து மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளை முழங்கால் இடுக்கில் இழுத்துக்கொண்டாள். சேலை பொசுங்கியது. மயிரைக் கையால் கோதி மூன்று பிரியாகப் பிரித்தாள். ஒவ்வொரு பிரியும் அடுப்பிலிருந்து எடுத்த கம்பியாகச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

ரதி பேசினாள். பங்குனியில் டீச்சர் மாறிவிட்டார்கள், புது டீச்சர் நல்லா பாடுவாங்க. கணக்கில் தொண்ணூத்தி ரெண்டு. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையோடு காய் விட்டுப் பழம் விட்டாச்சு. கனவில் அப்பா லாரியில் வந்தார், வண்டி பூரா ஐஸ்கட்டி, எல்லாரும் வாங்கிக்கிட்டுப் போனாங்க, நமக்கு மிச்சம் இல்ல. ஊசி இப்ப வலிக்கலம்மா, நீ அழாத. வடிவு உம் கொட்டினாள். உம் கொட்டக் கொட்ட விரல் நுனிகள் வெளுத்து, தோல் கழன்று, ஈரமாக வழுக்கியது. அவளால் வேகமாகப் பின்ன முடியும், ஆனால் கை பழக்கப்படி மெதுவாகவே போனது. ரிப்பனை முடிந்தபோது ரதியின் பேச்சு குழறியது. பிடரியில் முகத்தை வைத்தாள். அந்தப் பழ வாடை வந்துவிட்டிருந்தது.

"அந்தப் பக்கமும்மா" என்றாள் ரதி, கண்ணைத் திறக்காமலே.

வடிவு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து மூடினாள்.

சூடு வந்தது. பிள்ளைக்கு ஊசி போட மாரிக்கனியைக் கூப்பிட்டு அவள் போட்ட சத்தம் மேளத்தைத் தாண்டிக் கேட்டது. ரதி பிழைத்துக்கொண்டாள், சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மறு பக்கத்தையும் பின்னிவிடுகிறேன் என்று மாரிக்கனி சீப்போடு வந்தாள், அழுதாள், கெஞ்சினாள். ரதி தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரிந்த மயிருமாகத்தான் மறுவாரம் பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனியில் சடை தளர்ந்தது, ஆடியில் ரிப்பன் மட்டும் தொங்கியது, அதை அவள் அவிழ்க்கவிடவில்லை. சபையில் வைத்துப் பேசுவோம் என்ற பேச்சைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கொடையன்று சாயங்காலம், ரதி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே, ராத்திரிப் பந்திக்கு வைத்திருந்த மோர்த் தூக்குச்சட்டியை எடுக்க ஆள் வந்தது. வடிவு வாசலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து, கொப்புளத்துக்கு மேல் சுற்றின துணி தன் சூட்டில் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், திறந்து, தூக்குச்சட்டியை எடுத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு படி இறங்கினார்.

"ஏ வடிவு, மூட வா!"

வடிவு எழுந்து போனாள்.